ஆற்றோடு போகும் செடி எப்படித் திரும்பும்? ஓடல்லி பற்றிய இழை

ஜனவரி 6, வாசகர் கேள்வி

கற்பனை உலகம் ஒன்றுக்காக ஒரு செடி வரைந்திருக்கிறேன். பெயர் ஓடல்லி. ஆற்றில் மிதக்கும், எங்கும் வேர் பிடிக்காது. அடியில் காற்றுப் பைகள், கீழே நீளமான வேர்க்கொத்து, மேலே விசிறி மாதிரி இலைகள். நீரோட்டத்தோடு போய்க்கொண்டே வளரும், போகிற போக்கில் குட்டி போடும். கரையில் இடம் போதாததால் மிதக்கக் கற்றுக்கொண்டது என்று அதன் பரிணாமக் கதையை எழுதியிருக்கிறேன். நம்பும்படி இருக்கிறதா?

ஜனவரி 6, இரவு, பதில்

செடி பிடித்திருக்கிறது, கதை பிடிக்கவில்லை. இடம் போதவில்லை என்பதற்காக எந்தச் செடியும் காற்றுப் பை செய்துகொள்ளாது. பாதிப் பையால் மிதக்க முடியாது. அப்படியானால் அந்தப் பாதிப் பை எதற்காக இருந்தது? அந்தக் கேள்விக்கு உங்கள் கதையில் பதில் இல்லை.

உண்மையில் பதில் இருக்கிறது. காற்று அறைகள் முதலில் வந்தது மிதக்க இல்லை, மூச்சு விட. சேற்றில் நிற்கும் வேருக்கு ஆக்ஸிஜன் கிடைக்காது. வேர்கள் எப்போதும் கொஞ்சம் எத்திலீன் வாயுவை விட்டுக்கொண்டிருக்கும். உலர்ந்த மண்ணில் அது பறந்துவிடும். மண்ணில் நீர் நிறைந்துவிட்டால் வெளியேற வழியில்லை, ஏனென்றால் நீரில் வாயு பரவும் வேகம் காற்றில் பரவுவதில் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். வேருக்குள்ளேயே தேங்கும் எத்திலீன் சில செல்களைச் சாகச் சொல்கிறது. அவை செத்த இடம் குழாயாகிறது, இலையிலிருந்து காற்று அதன் வழியே கீழே இறங்குகிறது. மக்காச்சோளத்தின் வேரைச் சில நாள் நீரில் மூழ்க வைத்தால் அதுவும் இதைச் செய்யும். மக்காச்சோளம் நீர்ச்செடியே இல்லை.

ஆக, வெள்ளம் வந்து போகும் கரையில் வாழ்ந்த எந்தச் செடிக்கும் காற்று அறை ஏற்கெனவே உண்டு. கொஞ்சம் இருந்தால் கொஞ்சம் பயன், அதிகம் இருந்தால் அதிகப் பயன். மிதப்பு கூடவே இலவசமாக வந்தது.

ஜனவரி 7

ஒரு சிறு கணக்கு. செடி ஒரு கிலோ எடை என்றால், மிதக்க ஒரு லிட்டர் காற்று வேண்டும். நீங்கள் வரைந்த பைகளில் அவ்வளவு கொள்ளாது. பெரிதாக்குங்கள்.

ஜனவரி 8

நேற்று எழுதியது தவறு. இரவெல்லாம் உறுத்திக்கொண்டே இருந்தது.

நீருக்குள் இருக்கும் பகுதியைத் தூக்கக் காற்று அதிகம் தேவையில்லை. பச்சைத் திசுவில் பத்தில் ஒன்பது பங்கு நீர்தான், அதன் அடர்த்தியும் ஏறக்குறைய நீரின் அடர்த்திதான். அது தன்னைத் தானே தாங்கிக்கொள்ளும். மேலே காற்றில் நிற்கும் இலை, தண்டு, பூ ஆகியவற்றின் எடையைத் தூக்கினால் போதும். ஒரு கிலோ செடியில் 400 கிராம் வெளியே நின்றால் ஏறக்குறைய 400 மில்லிலிட்டர் காற்று. உங்கள் பைகள் சரியான அளவில்தான் இருக்கின்றன, மாற்ற வேண்டாம்.

கல்லூரியில் வெங்காயத்தாமரையின் காம்பைக் குறுக்கே அறுத்து லென்ஸில் பார்த்த நாள் நினைவுக்கு வருகிறது. (ஆகாயத்தாமரை என்ற பெயரை இதற்கும் சொல்கிறார்கள், பிஸ்டியாவுக்கும் சொல்கிறார்கள். நான் சொல்வது ஊதாப் பூ பூக்கும் ஐகார்னியா.) உள்ளே தேன்கூடு. ஆனால் அன்று என்னைப் பிடித்துக்கொண்டது வேறு: நெருக்கமாக வளர்ந்த கூட்டத்தின் நடுவில் இருந்த செடிகளுக்குக் காம்பு ஒல்லியாக, உயரமாக இருந்தது. ஓரத்தில் திறந்த நீரில் இருந்தவற்றுக்குக் குண்டாக, உருண்டையாக இருந்தது. ஒரே செடியின் குட்டிகள்தான் இரண்டும். நடுவில் இருப்பதைச் சுற்றியிருப்பவை தாங்குகின்றன, ஓரத்தில் இருப்பது தானே நிற்க வேண்டும். உங்கள் ஓடல்லிக்கும் இரண்டு உருவம் வரையுங்கள்.

ஜனவரி 11

மிதப்பு எளிது என்று சொல்லிவிட்டேன். இப்போது கடினமானதற்கு வருகிறேன். உங்கள் கேள்வியில் ஒரு வரி என்னை விடவில்லை: “நீரோட்டத்தோடு போய்க்கொண்டே வளரும்.” போய்க்கொண்டே என்றால் எங்கே? கடலுக்கு. அங்கே உப்பு. அங்கே சாவு.

ஆறு நொடிக்கு 0.3 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம், மெதுவான ஆறுதான். ஒரு நாளைக்கு 26 கிலோமீட்டர். ஆற்றின் நீளம் 500 கிலோமீட்டர் என்றால் 19 நாளில் செடி முகத்துவாரத்தில். ஓடல்லி ஏழு நாளுக்கு ஒருமுறை இரட்டிப்பாகிறது என்போம், பெரிய செடிக்கு அது நல்ல வேகம். மூன்று முறைகூட முழுதாக இரட்டிக்க நேரமில்லை. மூலத்தில் பிறந்த ஒரு செடி கடலைச் சேரும்போது ஏழு செடிகளாகக்கூட ஆகியிருக்காது. அந்த ஏழும் உப்பில் சாகும். மூலத்தில் மிஞ்சியது பூஜ்யம்.

ஓடைப் பூச்சிகளை ஆராய்ந்தவர்கள் இதே சிக்கலில் முட்டிக்கொண்டிருந்தார்கள். நீரில் வாழும் இளம்புழுக்கள் எப்போதும் கீழே அடித்துச் செல்லப்படுகின்றன, ஆனாலும் மேல் ஓடைகள் காலியாவதில்லை. 1954-இல் கார்ல் மியூலர் ஒரு விடை சொன்னார்: சிறகு முளைத்த பூச்சி மேல்நோக்கிப் பறந்து போய் முட்டையிடுகிறது. கீழே போவது ஒரு பருவம், மேலே வருவது இன்னொரு பருவம்.

நீரின் கலங்கலே கொஞ்சத்தை மேல்நோக்கித் தள்ளாதா என்று நீங்கள் கேட்கலாம். தள்ளும். அதற்கும் கணக்கு உண்டு: நீரோட்ட வேகம், பெருக்க வேகத்தையும் கலங்கிப் பரவும் அளவையும் பெருக்கி எடுத்த வர்க்கமூலத்தின் இரு மடங்கைவிடக் குறைவாக இருந்தால்தான் கூட்டம் நிலைக்கும். ஏழு நாள் இரட்டிப்பையும், நொடிக்கு 10 சதுர மீட்டர் பரவலையும் போட்டுப் பார்த்தேன். விடை நொடிக்கு ஏழு மில்லிமீட்டர். அந்த வேகத்தில் ஓடுவதை ஆறு என்று யாரும் சொல்லமாட்டார்கள், குட்டை என்பார்கள்.

எனவே ஓடல்லியின் பரிணாமம் மிதக்கக் கற்ற கதை இல்லை. தொலைந்து போகாமல் இருக்கக் கற்ற கதை.

ஜனவரி 12

மேலே எழுதியதோடு ஒன்று சேர்க்க வேண்டும். நாம் அறிந்த மிதக்கும் செடிகள் பெரும்பாலும் உண்மையான ஆற்றுச் செடிகள் இல்லை. லெம்னா, அசோலா, சால்வீனியா, பிஸ்டியா எல்லாம் தேங்கிய நீரில், வெள்ளச் சமவெளிக் குட்டைகளில், ஆற்றின் கைவிடப்பட்ட வளைவுகளில் வாழ்பவை. ஆற்றில் மிதந்து போவதை நாம் பார்ப்பது அவை இடம் மாறும்போது.

பாயும் நீரிலேயே வாழும் பூக்கும் செடி வேண்டும் என்றால் போடோஸ்டெமேசியே குடும்பம் இருக்கிறது. அருவிப் பாறையில் பாசிபோல ஒட்டிக் கிடக்கும். நீர் வற்றிப் பாறை வெளியே வந்ததும் அவசரமாகப் பூக்கும். விதை ஈரம் பட்டால் பசையாகிப் பாறையில் ஒட்டும். அந்தக் குடும்பம் ஆற்றுக்குச் சொன்ன பதில் ஒரே சொல்: பிடித்துக்கொள். ஓடல்லி அந்தப் பதிலைச் சொல்ல முடியாது, மிதப்பது என்று நீங்கள் முடிவு செய்துவிட்டீர்கள். எனக்கு அந்த முடிவு பிடித்திருப்பதால்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

ஜனவரி 15

மூதாதை யார்? நீங்கள் அல்லி என்று பெயர் வைத்திருக்கிறீர்கள். அல்லியை எடுக்காதீர்கள். அல்லியின் தண்டு சேற்றில் புதைந்த கிழங்கு, இலையும் பூவும் மட்டும்தான் மேலே. அதைப் பிடுங்கி மிதக்க வைக்க நிறைய மாற்ற வேண்டும்.

என் தேர்வு நீர்ச்சுண்டி. நெப்டூனியா ஒலரேசியா. தொட்டாற்சுருங்கியின் உறவு, அவரைக் குடும்பம். கரையில் வேர்விட்டு நீரின் மேல் தண்டை நீட்டும். நீரில் படரும் தண்டைச் சுற்றி வெள்ளைப் பஞ்சு மாதிரி திசு வளரும், அதுதான் தெப்பம். இதை நான் தொட்டியில் வளர்த்திருக்கிறேன். நீரில் கிடந்த தண்டு பஞ்சு கட்டிக்கொண்டது. அதே செடியின் ஒரு கிளையை வெறும் மண்ணில் நட்டேன், அங்கே வந்த புதுத் தண்டில் பஞ்சே இல்லை, மெல்லிய குச்சி. மறுபடி நீரில் போட்டேன், மறுபடி பஞ்சு. அந்தக் கோடையில் நான்கு முறை இதைச் செய்து பார்த்தேன், தேவை எதுவும் இல்லாமல், பார்க்க அவ்வளவு பிடித்திருந்ததால்.

இன்னொரு லாபமும் இருக்கிறது. நீரில் தொங்கும் வேர்களிலும் அதற்கு வேர்முண்டுகள் வரும், உள்ளே இருக்கும் பாக்டீரியா காற்றின் நைட்ரஜனைப் பிடித்துத் தரும். மண்ணை விட்டுப் பிரியும் செடிக்கு இது கட்டுச்சோறு. அசோலா தன் இலைக்குள் நீலப்பச்சைப்பாசியை வைத்திருப்பதும் இதற்காகத்தான்.

நிலச்செடிக் குடும்பத்திலிருந்து முழு மிதவை வருமா என்ற சந்தேகம் உங்களுக்கு வரலாம். கீழாநெல்லியின் பேரினமான ஃபில்லாந்தஸை எடுத்துக்கொள்ளுங்கள். புல்லாக, புதராக, மரமாக நூற்றுக்கணக்கான இனங்கள், பெரும்பாலும் தரையில். அவற்றில் ஒன்று, ஃபில்லாந்தஸ் ஃப்ளூயிட்டன்ஸ், தென் அமெரிக்காவில் நீரின் மேல் வேரூன்றாமல் மிதந்து வாழ்கிறது. பார்த்தால் சால்வீனியா என்றே நினைப்பீர்கள். சால்வீனியா ஒரு பெரணி, பூவே பூக்காது.

ஜனவரி 19

வேர்களைப் பற்றி. நீளமான வேர்க்கொத்து வரைந்திருக்கிறீர்கள். முதலில் அதை அலங்காரம் என்று நினைத்தேன். இப்போது அதுதான் இந்தச் செடியின் சுக்கான் என்று தோன்றுகிறது.

ஆறு வளையும் இடத்தில் மேல்நீர் வெளிக்கரைப் பக்கம் தள்ளப்படும். அடிநீர் தரையில் உராய்ந்து வேகம் குறைந்திருப்பதால் அதை வெளியே தள்ளும் விசையும் குறைவு, அது உள்கரைப் பக்கம் நழுவும். அதனால்தான் வெளிக்கரை அரிக்கப்படுகிறது, உள்கரையில் மணல் திட்டு படிகிறது. 1926-இல் ஐன்ஸ்டைன் இதை விளக்கினார், கோப்பையைக் கலக்கினால் தேயிலைத் துகள்கள் ஓரத்துக்குப் போகாமல் நடுவில் குவிவதை உதாரணமாகக் காட்டி.

இப்போது ஒரு மிதவைச் செடியை அந்த வளைவில் விடுங்கள். வேர் குட்டையாக இருந்தால் மேல்நீர் அதை வெளிக்கரைக்குக் கொண்டுபோகும்: ஆழம், வேகம், இடிந்து விழும் மண். வேர் அடிநீரைத் தொடும் அளவு நீண்டால் அடிநீர் அதை உள்கரைக்கு இழுக்கும்: மணல், ஆழமின்மை, மெதுவான நீர். ஒரு முழ வேர் கூடுதலாக இருந்த செடி ஒவ்வொரு வளைவிலும் கொஞ்சம் அதிக நேரம் தங்கியது. தங்கிய நேரமே குட்டி போடும் நேரம். 19 நாள் கணக்கை நினைத்துப் பாருங்கள், அது 90 நாள் ஆனால் எல்லாமே மாறிவிடும்.

ஜனவரி 20

நேற்றையதில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லாமல் விட்டேன். சுதந்திரமாக மிதக்கும் செடியை நீரோட்டம் “தள்ளுவது” இல்லை, சுமந்து போகிறது. சுற்றியுள்ள நீரும் செடியும் ஒரே வேகம், இழுவிசை ஏறக்குறைய இல்லை. வேர் நீண்டால்தான் இந்த நிலை மாறும். ஆற்றின் சராசரி வேகம் மேற்பரப்பு வேகத்தில் 85 சதவீதம் அளவு, அடியை நெருங்க நெருங்க இன்னும் குறையும். மேலே வேகமான நீர், கீழே மெதுவான நீர், செடி இரண்டுக்கும் நடுவே ஒரு சமரச வேகத்தில் போகும். அப்போது வேரின் மேல் நீர் உரசிக்கொண்டு ஓடும், புதுப் புது நீர், புதுப் புது பாஸ்பேட். நைட்ரஜனைத் தானே பிடித்துக்கொள்ளும் செடிக்கு அடுத்த தட்டுப்பாடு பாஸ்பரஸ்தான். நீண்ட வேர் மெதுவாக்கியது, ஊட்டியது. இதில் எது முதல் காரணம் என்று கேட்டால், ஊட்டம்தான் முதலில் என்பேன். வளைவில் தங்கியது பின்னால் வந்த லாபம்.

ஜனவரி 27

ஒரு வாரமாக இலையைப் பற்றியே யோசித்துக்கொண்டிருக்கிறேன். இதை எழுதும்போது கை கொஞ்சம் நடுங்குகிறது, அவ்வளவு பிடித்துவிட்டது.

கடலோரத்தில் பகலில் கடற்காற்று, கடலிலிருந்து நிலத்துக்கு. இரவில் நிலக்காற்று, நிலத்திலிருந்து கடலுக்கு. கடலில் கலக்கும் ஆற்றின் கடைசிப் பகுதியில் நின்று பார்த்தால்: பகலில் காற்று ஆற்றுக்கு எதிரே வீசுகிறது, இரவில் ஆற்றோடு வீசுகிறது.

நீர்ச்சுண்டியின் இலை பகலில் விரிந்திருக்கும், இருட்டியதும் மூடிக்கொள்ளும்.

பகலில் படகுப் பாய் விரிப்பு. இரவில் பாய் சுருட்டல். மேல்நோக்கித் தள்ளும் காற்றுக்கு மட்டும் திறந்த பாய்! இந்த வழக்கத்தை ஆற்றுக்காக யாரும் புதிதாக உண்டாக்கவில்லை. தொட்டாற்சுருங்கியும் புளியமரமும் தரையில் நின்றுகொண்டு இரவில் இலையை மூடுகின்றன. ஓடல்லி அந்தப் பழக்கத்தோடு ஆற்றுக்குள் வந்தது, அவ்வளவுதான். மழைத்துளி விழுந்த அதிர்ச்சியிலும் இலை சுருங்கும், அதாவது புயல் வரும்போது பாய் தானே இறங்கும்.

கணக்கு தாங்குமா? காற்று நொடிக்கு 5 மீட்டர் என்றால் ஒரு சதுர மீட்டர் பாய்க்குச் சுமார் 15 நியூட்டன் விசை. நீர் நொடிக்கு 0.1 மீட்டர் ஓடினால் ஒரு சதுர மீட்டர் வேருக்கு 5 நியூட்டன். வேரின் பரப்பில் மூன்றில் ஒரு பங்கு இலை இருந்தாலே செடி நின்ற இடத்தில் நிற்கும், கூட இருந்தால் எதிரேறும். நீர் நொடிக்கு 0.5 மீட்டர் ஆனால் 125 நியூட்டன், எட்டு மடங்குக்கு மேல் இலை வேண்டும், நடக்காது. எனவே இது கோடைக் கால வித்தை, ஆறு மெலிந்து கிடக்கும் மாதங்களுக்கு, கடலுக்கு அருகில் மட்டும். ஆனால் சாவு காத்திருப்பதும் அங்கேதான். தேர்வு மிகக் கடுமையாக இருக்கும் இடத்திலேயே பாய் வேலை செய்கிறது.

ஜனவரி 28

“இலை படுத்தவாக்கில் அல்லவா இருக்கும்? படுத்த இலை எப்படிப் பாய் ஆகும்?” என்று கேட்டிருக்கிறீர்கள். நல்ல அடி. நேற்று நான் அதைத் தாண்டிக் குதித்துவிட்டேன்.

ஒரு வழி இருக்கிறது. அவரைக் குடும்பத்தில் பல செடிகள் உச்சி வெயிலில் சிற்றிலைகளைத் திருப்பிச் சூரியக் கதிருக்கு இணையாக நிறுத்திக்கொள்ளும், சூடேறாமல், நீர் வீணாகாமல் இருக்க. இரவில் இலையை மூடும் அதே இலையடி அதைப்புதான் இதையும் செய்கிறது. சூரியன் உயரத்தில் இருக்கும்போது இணையான இலை என்றால் நிமிர்ந்த இலை. கடற்காற்று முற்பகலில் தொடங்கி, பிற்பகலில்தான் உச்சத்துக்கு வரும். பாய் நிமிர்வதும் காற்று வலுப்பதும் ஏறக்குறைய ஒரே நேரம்.

நிமிர்ந்த இலை காற்றுக்குத் தட்டையாக நிற்குமா, விளிம்பைக் காட்டி நிற்குமா என்பது வேறு கேள்வி. அதற்குத்தான் உங்கள் விசிறி உதவும். சிறகுபோலப் பிரிந்த இலைகள் பல திசையிலும் நின்றால் எந்தப் பக்கக் காற்றுக்கும் சில இலைகளாவது தட்டையாக இருக்கும். என் 15 நியூட்டனைப் பாதியாக்கிக்கொள்ளுங்கள். அப்போதும் மெலிந்த ஆற்றில் தாங்கும்.

பிப்ரவரி 2

இரண்டு யோசனைகளும் ஒன்றோடொன்று மோதுகின்றன. ஜனவரி 19-இல் வேர் நீள வேண்டும் என்றேன். ஜனவரி 27-இல் வேரின் மேல் படும் நீர்தான் பாய்க்கு எதிரி என்று கணக்குப் போட்டேன். நீண்ட வேரோடு பாய் விரிப்பது நங்கூரம் போட்டுக்கொண்டு துடுப்பு வலிப்பது.

பருவம்தான் வழி. நீர் பெருகிய மாதங்களில் நீண்ட வேர், சிறிய இலை. ஆறு மெலிந்ததும் வேரின் கீழ்ப்பாதியை உதிர்த்துவிட்டுப் பெரிய இலை. ஒரே செடி இரண்டு உருவம் எடுப்பது நீர்ச்செடிகளில் சாதாரணம், ஒரே தண்டில் நீருக்குள் நூலிலையும் நீருக்கு வெளியே அகல இலையும் வைத்திருப்பவை உண்டு. உதிரும் வேர் முண்டுகளோடு போகும் என்பதால் அது உண்மையான இழப்பு. அந்த விலையைச் செடி கொடுக்கிறது என்றால் கடல் அவ்வளவு பயங்கரமானது என்று பொருள்.

உங்கள் படத்தில் இரண்டையும் ஒரே செடியில் சேர்க்க வேண்டாம். வெள்ளக் காலத்து ஓடல்லி, கோடை ஓடல்லி என்று இரண்டு படம்.

பிப்ரவரி 9

பாயால் முகத்துவாரத்தில் சாகாமல் தப்பலாம். மூலத்துக்குத் திரும்ப முடியாது. 500 கிலோமீட்டர் எதிரேற எந்தக் கடற்காற்றும் போதாது. மியூலரின் பூச்சிக்குச் சிறகு இருந்தது. ஓடல்லிக்கு?

இரவல் சிறகுதான். நீர்ப்பறவைகள். டார்வின் ஒரு சிறு குட்டையின் ஓரத்திலிருந்து மூன்று கரண்டி சேறு எடுத்து, ஆறு மாதம் மூடி வைத்து, முளைத்ததை ஒவ்வொன்றாகப் பிடுங்கி எண்ணினார்: 537 செடிகள். அந்தச் சேறு ஒரு பறவையின் காலில் ஒட்டினால் என்ன ஆகும் என்பதுதான் அவர் கேள்வி. வயிற்று வழியும் இருக்கிறது. பிரேசிலில் நீர்ப்பறவைகளின் எச்சத்திலிருந்து வுல்ஃபியா முழுச் செடியாகவே உயிரோடு வெளிவந்ததை 2018-இல் எழுதியிருக்கிறார்கள். ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் அளவே உள்ள செடி அது. ஓடல்லி அந்த வழியில் போக முடியாது, ஆனால் அதன் விதை போகும். அவரைக் குடும்பத்து விதைகள் பலவற்றுக்கு நீர் புகாத கெட்டித் தோல். வயிற்றில் கரையாமல், கொஞ்சம் தேய்ந்து வெளியே வந்தால் முளைப்பதற்கு அது நல்லதே.

இங்கிருந்து ஒரு முடிவு தானாக விழுகிறது. அதுதான் இந்த இழையில் எனக்கு மிகப் பிடித்தது.

குட்டைச் செடி கலவியையே கைவிடலாம். சால்வீனியா மொலஸ்டா அப்படித்தான்: ஐந்து தொகுதிக் குரோமோசோம், வளமான வித்து உண்டாகாது, துண்டு துண்டாக உடைந்தே உலகம் சுற்றிவிட்டது. ஓடல்லியால் முடியாது. துண்டாகப் பிரிந்த குட்டிகள் எல்லாம் கீழே மட்டுமே போகும். மேலே போகும் ஒரே பொருள் விதை. விதை வேண்டும் என்றால் பூ வேண்டும், பூவுக்குப் பூச்சி வேண்டும், இன்னொரு செடி அருகில் வேண்டும். ஆறு இந்தச் செடியை ஒவ்வோர் ஆண்டும் கலவிக்குக் கட்டாயப்படுத்துகிறது. பூக்காத வம்சம் ஒன்று தோன்றினால் அந்தப் பருவத்தில் அதுதான் மிக வேகமாகப் பெருகும், ஆற்றையே மூடிவிடும், மறுபருவத்தில் ஒன்றுகூட இருக்காது.

பிப்ரவரி 10

காய் எங்கே இருக்க வேண்டும்? வெங்காயத்தாமரையில் பூ வாடியதும் காம்பு வளைந்து நீருக்குள் இறங்கும், விதை அங்கேயே விழும். ஓடல்லியில் அது தற்கொலை, விதையும் கீழேதான் போகும். காம்பு நிமிர்ந்தே நிற்கட்டும், காய் பறவைக்குத் தெரியட்டும்.

பிப்ரவரி 21

வரிசையைச் சரிசெய்கிறேன். இதுவரை எழுதியதைப் படித்தால் வேர், பாய், விதை என்ற வரிசையில் பரிணமித்ததுபோலத் தோன்றும். நான் யோசித்த வரிசை அது, செடி வந்த வரிசை அது இல்லை.

விதைதான் முதலில். கரையில் வேரூன்றி நீரில் தண்டு நீட்டிய காலத்திலேயே மூதாதையின் விதையைப் பறவைகள் சுமந்தன. பிறகு வெள்ளத்தில் தண்டு ஒடிந்தது. ஒடிந்த துண்டு கீழ்க்கரை ஒன்றில் ஒதுங்கி மறுபடி வேரூன்றியது. அந்தக் கட்டத்தில் மிதப்பது ஒரு பயணம் மட்டும், வாழ்க்கை இல்லை. கரை எல்லாம் ஏற்கெனவே நிறைந்திருந்த ஆறுகளில் பயணம் நீண்டது. ஒரு வாரம் தாங்கிய துண்டு, ஒரு மாதம் தாங்கிய துண்டு, கடைசியில் மிதந்தபடியே பூத்த துண்டு. அந்த நாளில்தான் ஓடல்லி பிறந்தது என்பேன். பாய் எல்லாவற்றுக்கும் கடைசி, அதுவும் கடலை எட்டும் ஆறுகளில் மட்டும். ஏரியில் முடியும் ஆற்றின் ஓடல்லிக்குப் பாயே இருக்கத் தேவையில்லை. அங்கே அது ஏரியில் குட்டைச் செடியாகவே மாறிவிடும், பூப்பதையும் மறந்துவிடலாம்.

இதில் கவனித்தீர்களா, நீங்கள் முதல் நாளில் எழுதிய “கரையில் இடம் போதாமல்” என்பது வேறு வேடத்தில் திரும்பி வந்திருக்கிறது. இடமின்மை மிதக்கக் கற்றுத்தரவில்லை. ஏற்கெனவே மிதந்துகொண்டிருந்ததை இறங்கவிடாமல் செய்தது. முதல் இரவில் உங்கள் கதையை நான் முழுதாகத் தள்ளியது நியாயமில்லை.

பிப்ரவரி 22

மேல் ஆற்று ஓடல்லியும் கீழ் ஆற்று ஓடல்லியும் ஒரே இனமாக இருக்குமா என்று யோசிக்கிறேன். மேலிருந்து கீழே எப்போதும் செடிகள் வந்துகொண்டே இருக்கும். கீழிருந்து மேலே எப்போதாவது ஒரு விதை. கீழே இருப்பவை பாயை நன்றாக மெருகேற்றிக்கொண்டாலும், மேலிருந்து வரும் பாயில்லாத கூட்டம் அவற்றோடு கலந்துகொண்டே இருக்கும். இது பாய்க்கு எதிரான விஷயம், பெரிய விஷயம். பூக்கும் காலம் பிரிந்தால் மட்டும் தப்பும்: மேலே வெள்ளம் வடிந்ததும் பூ, கீழே கோடை முற்றியபின் பூ. அப்படிப் பிரிந்தால் ஒரே ஆற்றில் இரண்டு இனங்கள்.

மார்ச் 3

புதிய படங்கள் பார்த்தேன். வெள்ளக் கால வேர் அருமை, அந்த நுனி மெலிவு சரியாக வந்திருக்கிறது. வேரைக் கொஞ்சம் ஊதாக் கறுப்பாக்கிப் பாருங்கள், வெங்காயத்தாமரையின் வேர் ஆந்தோசயனின் என்ற நிறமியால் அந்த நிறத்தில் இருக்கும். கோடைப் படத்தில் காய் இன்னும் நீரைத் தொட்டுக்கொண்டிருக்கிறது, ஒரு விரல் உயர்த்துங்கள். ஓடல்லி என்ற பெயரை மாற்ற வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். அல்லிக்கு உறவே இல்லாத செடிக்கு அல்லி என்று பெயர், தாமரைக்கு உறவே இல்லாத இரண்டு செடிகளைத் தாமரை என்று சொல்லவில்லையா நாம்.

மாலை வெயில் படத்தில் இலைகள் எல்லாம் ஒரே பக்கம் பார்க்கின்றன. கலைத்துப் போடுங்கள். காற்று எந்தப் பக்கமிருந்தும் வரலாம்.